டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: கும்பகோணத்தில் பல வருடம் ஆடிய அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்தக் கதை விளையாட்டைத் தொடங்க எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் சில மாதங்களுக்குப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு இது. நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதன் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள். பிடிஎஃப்பை இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டால் போதும். பகடை செட் மட்டும் ஆன்லைனில் வாங்குங்கள். செட்டில் ஏழு பகடை இருக்கும். அதில் அடிக்கடி கையில் எடுப்பது 20 முகப் பகடையைத்தான்.

ஆட்டம் முழுக்கப் பேச்சில் நடக்கிறது. டன்ஜன் மாஸ்டராக இருப்பவர் நிலைமையைச் சொல்லி, "இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்பார். மற்றவர்கள் தங்கள் கதாபாத்திரம் செய்வதைச் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில்தான் பகடை. 20 முகப் பகடையை உருட்டி, அதோடு உங்கள் திறமை எண்ணைக் கூட்டினால் இலக்கைத் தொட வேண்டும். நடுத்தரக் கஷ்டமான காரியத்துக்கு இலக்கு 15. உங்களுக்கு +5 திறமை இருந்தால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்; அது 55 சதவீத வாய்ப்பு. நிலைமை சாதகமாக இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு கிட்டத்தட்ட 80-க்குப் போய்விடும். அந்தச் சாதகத்தை யோசித்துப் பேசிச் சம்பாதிப்பதில்தான் ருசியே இருக்கிறது.

புதியவர்களுக்கென்று விற்கும் பெட்டியில் வந்த கதையை வைத்துத்தான் நாங்கள் தொடங்கினோம். நல்ல கதை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பைன் மரக் காட்டிலும் குகையிலும் என்ன செய்யலாம் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவில்லை. எதிரே கோப்ளின் என்ற குட்டிப் பூதம் வந்தால் கத்தியை எடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த கதையைக் கொள்ளிடக் கரையில் வைத்தேன். கோடையில் மணல் வெளியான ஆற்றுப் படுகை, அதில் பாதி புதைந்த ஒரு கோயில், நாணல் மண்டிய திட்டில் முகாம் போட்ட கொள்ளைக் கூட்டம். கெடு என்னவென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேற்கே அணையைத் திறந்தாயிற்று, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்து வாழும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையா என்ன!

மச்சானுக்குப் பாபநாசம் பக்கம் நிலம். அதுவரை "உன் முறை" என்று சொன்னால் மட்டும் பகடையை எடுப்பவர், அன்றைக்கு என் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். மதகு வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "மாப்ளே, இந்த ஷட்டரத் தூக்கி விட்டா தண்ணி திட்டச் சுத்திக்கும்ல? அவனுங்க எங்க போவானுங்க?" என்றார். நான் அதை எழுதி வைத்திருக்கவே இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அவர் பகடை போட வேண்டியதில்லை, அது அவருக்குத் தெரிந்த விஷயம். துருப்பிடித்த ஷட்டரைத் தூக்கத்தான் வலிமைச் சோதனை, இலக்கு 15. அக்கா மகள் கூடப் பிடித்ததால் இரண்டு பகடை. விழுந்தது 4, 17. வீடே அதிர்ந்தது.

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: ஆடுபவர்களுக்குப் பழகிய மண்ணில் கதையை வையுங்கள், யோசனை தானாக வரும். விதிகளை மாற்றவே வேண்டாம். கோப்ளினுடைய எண்களை அப்படியே குட்டிச்சாத்தானுக்குக் கொடுத்தேன். அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். விதிகளில் முதலைக்கு உயிர்ப்புள்ளி 19, கவ்வினால் விடாது. அதை மணலில் ஒரு தடமாக மட்டும் காட்டியதற்கே யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

குறைகளும் உண்டு. கதாபாத்திரங்கள் வளர்ந்து ஐந்தாம் லெவலைத் தாண்டினால் சண்டைகள் நீள்கின்றன, ஒரே சண்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தையே தின்றுவிடும். நாங்கள் அநேகமாக அந்த லெவலிலேயே கதையை முடித்துப் புதிதாகத் தொடங்கிவிடுகிறோம். புதியவருக்கு மந்திரவாதி வேண்டாம், மந்திரப் பட்டியலைப் படிப்பதிலேயே சோர்ந்துவிடுவார். போர்வீரனையோ திருடனையோ கொடுங்கள். விதிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் மாஸ்டர் ஒருவர் படித்து, மற்றவர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் கையால் எழுதிக் கொடுப்பது நல்லது. நடவு, அறுப்பு, முகூர்த்த மாதம் என்றால் ஆள் சேராது. மாஸ்டரோடு ஐந்து பேர் வைத்துக்கொண்டு, மூன்று பேர் வந்தாலும் ஆடிவிடுங்கள். தள்ளிப்போட்ட ஆட்டம் திரும்பக் கூடுவது கஷ்டம்.

முதல் தடவை நடத்தப் போகிறவர் பத்து பக்கம் எழுத வேண்டாம். மூன்று இடம், கதைக்குள் ஆளுக்கொரு ஆசை உள்ள இரண்டு பேர், ஒரு கெடு. இவ்வளவு இருந்தால் மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும்.