25 சுற்றா, பன்னிரண்டரைச் சுற்றா?

5,000 மீட்டரை 15 நிமிடத்துக்குள் ஓடினால்தான் தேர்வுப் பட்டியலில் பெயர் வரும் என்றார்கள். என் கையில் இருந்தது 15:09. சிங்கப்பூரில், தோ பாயோ அரங்கில் ஓர் இரவு ஓட்டத்தில் கிடைத்தது. மிச்ச ஒன்பது வினாடியை எங்கே போய்க் கழிப்பது என்று மூன்று மாதம் மண்டையைக் குடைந்தேன். இங்கேயே திறந்தவெளி 400 மீட்டர் தடம், யோகோஹாமாவில் குளிர்கால நேர ஓட்டம், அமெரிக்காவில் 200 மீட்டர் உள்ளரங்குத் தடம் என மூன்று வழி இருந்தது. கடைசியைத்தான் எடுத்தேன். அதனால் என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூர்ப் புழுக்கத்தைப் பற்றி நம்மவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கும் 28 டிகிரி. வியர்வை ஒழுகுமே தவிர உலராது; உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது; காலுக்குப் போக வேண்டிய ரத்தம் தோலுக்குப் போய்விடும். போதாததற்கு மின்னல். வார்ம் அப் முடித்து நிற்கும்போது ‘கேட் ஒன்’ என்று மின்னல் எச்சரிக்கை அறிவித்தால், கூரைக்கடியில் உட்கார்ந்து பழைய என்எஸ் (தேசியச் சேவை) கதை பேச வேண்டியதுதான். செலவு மட்டும் எம்ஆர்டி ரயில் கட்டணத்தோடு முடிந்துவிடும்.

ஆனாலும் ஒன்பது வினாடிக்கும் புழுக்கத்தையே குற்றம் சொன்னால் அது பொய். அன்றைக்கு இரண்டு பேர் 14:40 வேகத்தில் பறந்துவிட்டார்கள். மற்றவர்கள் எனக்கு அரைச் சுற்றுப் பின்னால். நாலாவது சுற்றுக்குப் பிறகு நடுவில் நான் ஒற்றை ஆள். அதுவரை சுற்றுக்குச் சரியாக 72 வினாடி; அப்புறம் 73, 74 என்று நழுவியது. எங்கே நழுவியது என்று அப்போது தெரியவே இல்லை, அதுதான் கொடுமை. கோச் வழக்கமாகச் சொல்வார்: “கடிகாரத்தைப் பாக்காதே தம்பி, முன்னால போறவன் முதுகைப் பாரு.” பார்க்க முதுகு வேண்டுமே!

நம் ஊரில் நெடுந்தூர ஓட்டத்துக்குத் திறமை இல்லாமல் இல்லை. வெறுங்காலில் ஓடியே பேர் வாங்கிய பி.சி. சுப்பையா 10,000 மீட்டரில் வைத்த தேசியச் சாதனை 1973இலிருந்து 2014வரை நின்றது. அதைச் சோ ருய் யோங் முறியடித்தது அமெரிக்காவின் போர்ட்லந்தில். காரணம் பல இருக்கலாம். ஆனால் ஒரே வேகத்தில் ஓடும் பதினைந்து பேர் ஒரே ஓட்டத்தில் நமக்கு இங்கே கிடைப்பது அரிது என்பது என் கட்சி.

உள்ளரங்கில் அந்தக் கூட்டம் கிடைத்தது. பதிவு செய்த நேரத்தை வைத்து ஹீட், அதாவது தனித்தனி ஓட்டக் குழு, பிரிக்கிறார்கள். என் ஹீட்டில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் பத்து வினாடிதான் வித்தியாசம். 3,000 மீட்டர்வரை வேகம் பிடித்துக்கொடுக்கும் பேஸர் ஒருவர். சுற்றுக்கு 36 வினாடி. கணக்குப் போடவே தேவையில்லை. காற்று கிடையாது, மழை கிடையாது. யாரோ ஒருவரின் முதுகையே பார்த்துக்கொண்டு 3,000 மீட்டரை 9:00இல் கடந்தேன். பாதி தூரம் ஓடியதே தெரியவில்லை.

தடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வளைவில் வெளிப்புறம் உயர்ந்த சாய்தளம் என்றால் வேகம் குறையாமல் திரும்பலாம். தட்டைத் தடத்தில் அந்தக் குறுகிய வளைவு ஒவ்வொன்றும் இடது காலைப் பிடித்து இழுக்கும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளே தட்டைத் தடத்து நேரத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. அமெரிக்க ஓட்டக்காரர் கிராண்ட் ஃபிஷர் 2025 பிப்ரவரியில் 5,000 மீட்டரை 12:44.09இல் ஓடி, 2004இல் எத்தியோப்பியாவின் பெக்கெலே வைத்த உள்ளரங்கு உலகச் சாதனையான 12:49.60ஐத் தாண்டியது பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சாய்தளத்தில். அந்த மாதிரிப் பெரிய போட்டியில் என் நேரத்துக்கு யார் இடம் தருவார்? அதே ஊர்ப் பக்கம் டிசம்பரில் ஒரு சின்னப் போட்டியில் ஓடினேன். சியாட்டிலில் 307 மீட்டர் உள்ளரங்குத் தடமும் உண்டு, வளைவு தாராளம். ஆனால் உள்ளரங்குச் சாதனைக் கணக்கில் அது சேராது.

கூட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. 5,000 மீட்டருக்கு 50 வளைவு. பதினெட்டாவது சுற்றில் முன்னால் இருந்தவர் தளர, நான் பொறுமையில்லாமல் வளைவிலேயே வெளியே வந்து முந்தினேன். அப்படி மூன்று வளைவு. ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் வளைவுக்கு மூன்று மீட்டர் கூடுதல். என் வேகத்தில் அரை வினாடிக்குச் சற்று மேல். முடித்தபோது 15:01.4. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், எனக்கு வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை. சாய்தளத்தில் பழக இங்கே இடமில்லாததால் எங்கே முந்துவது என்பதே எனக்குக் கைவராத வித்தை. வறண்ட காற்றில் இரண்டு நாள் இருமல் வேறு.

யோகோஹாமாவைப் பற்றி நண்பன் சொன்னதுதான் எனக்குத் தெரியும். நிப்பான் விளையாட்டு அறிவியல் பல்கலைக்கழகத் தடத்தில் நேரவாரியாகப் பிரித்து ஹீட் மேல் ஹீட்டாக ஓட விடுகிறார்கள், கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. வளைவும் நமக்குப் பழகிய 400 மீட்டர் வளைவு. ஏழு மணி நேரப் பயணம், ஒரு மணி நேர வித்தியாசம். பாஸ்டனுக்கோ 13 மணி நேர வித்தியாசம். போய் நாலு நாள் கழித்தும் எனக்கு நள்ளிரவு இரண்டு மணிக்குப் பசித்தது. பாஸ்டனில் சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு ஒருவேளை ஜப்பான்தான் சரி. நண்பன் ஓடிய அன்று எதிர்க்காற்று. அந்த ஒரு நாளை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அவன் சொல்கிறான்.

ஒன்றை மட்டும் செய்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்: உள்ளரங்கு நேரத்தை ஏற்பீர்களா என்று தேர்வுக் குழுவிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஸ்பைக்ஸ் ஆணி கால் அங்குலமா என்றும் பாருங்கள்; என்னுடையதை வாசலிலேயே கழற்றி மாற்றச் சொன்னார்கள்.

இந்த டிசம்பரும் எனக்கு அங்கேதான், பத்து நாள் முன்னதாகவே. அத்தை மகன் சோபாவை ஒதுக்கிவிட்டான். வாடகைக்கு நம்ம லிட்டில் இந்தியா தேக்காவிலிருந்து இரண்டு கிலோ முறுக்கு.