பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் தராசு: வாங்கலாம்

இரண்டு பக்கமும் கழற்றிக் கழுவக்கூடிய கிண்ணம், நடுவில் ஒரு முள், அவ்வளவுதான், ஆனால் என் மகள் இதை விடுவதில்லை. ஒரே டம்ளரால் அளந்து ஒரு கிண்ணத்தில் பொரி, இன்னொன்றில் துவரம்பருப்பு போட்டால் பருப்புப் பக்கம் சடாரென்று இறங்கும், "ரெண்டும் ஒரே டம்ளர்தானே, ஏன்?" என்று குழந்தையே கேட்கும், அந்தக் கேள்விக்காகவே வாங்கலாம்.

கூட வரும் பொம்மை எடைகள் தேவையில்லை. ஒரு எலுமிச்சைக்கு எத்தனை ஒரு ரூபாய் நாணயம் என்று எண்ணச் சொல்லுங்கள். சரி, நாணயங்கள் ஒரே வகையாக இருக்கட்டும், 2011-இல் வந்தது 3.79 கிராம், 2019-இல் வந்தது 3.09 கிராம்.

ஒரே குறை, ஒரு வேர்க்கடலைக்கெல்லாம் முள் அசைவதில்லை. அப்புறம், வாங்கியதும் வெறும் கிண்ணத்தோடு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.