நீண்ட நாள் தங்க வரும் விசாரிப்புகள்: எந்தத் தடுப்பு உதவுகிறது, எது உதவுவதில்லை

ஏர்பிஎன்பி போன்ற தங்குமிடத் தளத்தில் வீட்டை வாடகைக்கு லிஸ்டிங் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு ரிவ்யூவும் விழவில்லை, அதற்குள் இரண்டு மாதம் தங்க வேண்டும் என்று ஒரு மெசேஜ் வருகிறது. புது ஹோஸ்ட், அதாவது வீட்டைத் தங்கத் தருபவர், முதலில் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். மோசடிக்காரர்கள் புது லிஸ்டிங்கைத் தேடித்தான் வருகிறார்கள். காலண்டர் முழுக்கக் காலியாக இருக்கும், முதல் புக்கிங் எப்படியாவது வந்தால் போதும் என்ற தவிப்பு இருக்கும், தளத்தின் விதிகளும் இன்னும் பழகியிருக்காது.

ஏர்பிஎன்பியில் 28 இரவும் அதற்கு மேலும் நீண்ட நாள் தங்கல் என்ற கணக்கில் வரும். ரத்து விதி வேறு. பணமும் மொத்தமாக வராது: முதல் மாதத்துக்கானது செக்-இன் முடிந்து சுமார் 24 மணி நேரத்துக்குப் பிறகு விடுவிக்கப்படும், மீதி மாதாமாதம் வரும். இது தெரியாத ஹோஸ்ட்டுக்கு, "முழுப் பணத்தையும் இப்போதே தந்துவிடுகிறேன்" என்ற பேச்சு இனிக்கும். வலை விரிவது அங்கேதான்.

அடிக்கடி வரும் வகையில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம்: "வணக்கம், உங்கள் இடம் மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் நிறுவன ஊழியர் இரண்டு மாதம் தங்குவார். முழுத் தொகையும் முன்கூட்டியே தருகிறோம். வாட்ஸ்அப் எண் அனுப்புங்கள், விவரம் பேசலாம்." இதில் "உங்கள் இடம்" என்பது எந்த வீட்டுக்கும் பொருந்தும். படுக்கை எத்தனை, சமையலறை எப்படி என்று ஒரு கேள்வியும் இல்லை. தேதி இல்லை. தங்குபவர் ஒருவர், பணம் தருபவர் வேறொருவர். எல்லாவற்றையும்விட முக்கியம், விலை குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு மாதம் சொந்தப் பணம் செலவழிக்கப் போகிறவர் மாதத் தள்ளுபடி உண்டா என்று கேட்காமல் இருப்பது அரிது. நிறுவனம் உண்மையிலேயே பணம் கட்டுகிறது என்றால் பில், ரத்து விதி பற்றிக் கேட்பார்கள்.

வாட்ஸ்அப்புக்குப் போன பிறகு நடப்பது பெரும்பாலும் கூடுதல் தொகை மோசடி. 100 தர வேண்டிய இடத்தில் 150க்குக் காசோலை வரும். "தவறிப் போய்விட்டது, மீதி 50ஐ எங்கள் ஊழியரை அழைத்து வரும் டிரைவருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். வங்கிக் கணக்கில் தொகை ஏறியதாகக் காட்டினாலும் காசோலை உண்மையில் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. பல நாள் கழித்து அது திரும்பும்போது ஹோஸ்ட் அனுப்பிய 50 போயே போய்விட்டிருக்கும். திருட்டு கார்டில் நேரடியாகக் கட்டினாலும் இதே கதைதான், உண்மையான கார்டுக்காரர் மறுத்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். தளத்துக்கு வெளியே பணம் வாங்கியவருக்குத் தளத்தின் சேதப் பாதுகாப்பும் (கெஸ்ட் வீட்டுக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான ஈடு) கிடையாது.

தொடர்ந்து பயன்படுத்தியதில் நன்றாக உழைப்பது மூன்று கேள்விகள். யார் யார் தங்குகிறீர்கள்? எதற்காக இத்தனை நாள்? மூன்றாவது, வீட்டின் குறை ஒன்றைச் சொல்லி, அது சரிப்படுமா? "லிஃப்ட் இல்லை, இரண்டாம் மாடி, பெட்டிகளோடு ஏற முடியுமா?" என்பது போல. நிஜமாகத் தங்க வருபவர் படியைப் பற்றி ஏதாவது சொல்வார். இணைய வேகம், வாஷிங் மெஷின், மேசை நாற்காலி, குப்பை எங்கே போடுவது என்று திருப்பிக் கேட்பார். மோசடிக்காரர் படியை அப்படியே தாண்டிப் பணம் அனுப்பும் வழிக்குத் தாவுவார். ஒருவர் வீட்டைப் பற்றிக் கேட்கிறாரா, பணத்தையும் போன் நம்பரையும் பற்றிக் கேட்கிறாரா என்பதே பெரும்பாலும் போதுமான அடையாளம்.

நம்பிய அளவுக்கு உதவாதது கெஸ்ட்டின் கணக்கில் தளம் காட்டும் அடையாளச் சரிபார்ப்பு முத்திரை. ஆவணம் பொருந்தியது என்பதைத் தாண்டி அது ஒன்றும் சொல்லாது. பழைய ரிவ்யூக்கள் உள்ள கணக்கைக்கூடத் திருடிப் பயன்படுத்துவார்கள். பிழையான மொழியையும் சந்தேகத்துக்குக் காரணமாக்கக் கூடாது, மொழிபெயர்ப்புக் கருவியில் எழுதும் நல்ல கெஸ்ட்டுகள் ஏராளம். பெயர், நாடு, மொழி இவற்றைப் பார்த்து மறுப்பது அநியாயம், தள விதிகளுக்கும் எதிரானது. கேட்பது என்ன என்பதை மட்டும் எடைபோடுங்கள்.

அமைப்புகளில் அதிகபட்ச இரவுகளை முதல் சில மாதங்களுக்கு 27 என்று வைப்பது எல்லாவற்றிலும் உறுதியான தடுப்பு. பல இடங்களில் 30 நாள் அளவில் தங்கியவருக்கு வாடகைதாரர் உரிமை வந்துவிடும். அதன் பின் வெளியேற்ற நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும். உங்கள் பகுதிச் சட்டத்தில் அந்த எல்லை எத்தனை நாள் என்று பார்த்து, அதற்கும் கீழே வையுங்கள். இரண்டு இரவு புக் செய்து, "மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம்" என்பவருக்கும் நீட்டிப்பு தளத்தின் வழியாக மட்டுமே.

பணம் கேட்காத மோசடிகளும் உண்டு, அவற்றைத்தான் பலர் கவனிப்பதில்லை. "உங்கள் படங்கள் வேறொரு லிஸ்டிங்கில் இருக்கின்றனவே, இது உங்களுடையதா?" என்று லிங்க் வந்தால் அது பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டைப் பிடிக்கப் போடப்பட்ட போலி லாகின் பக்கம். ஓடிபி எண் கேட்டால் யாருக்கும் தராதீர்கள். வீட்டின் முழு வீடியோவும் உரிமைப் பத்திர நகலும் கேட்பவர், அந்த வீட்டைத் தன்னுடையதாக விளம்பரம் செய்து பிறரிடம் முன்பணம் வாங்கலாம். வருவதற்கு முன்பே பார்சல்கள் வரும், வாங்கி வையுங்கள் என்பதற்குப் பின்னால் திருட்டு கார்டில் வாங்கிய பொருள் இருக்கலாம். புக்கிங்குக்கு முன்பே முகவரிச் சான்றுக் கடிதம் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

நல்ல கெஸ்ட் என்று தெரிந்து ஏற்றுக்கொண்ட பிறகும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வருவோம் என்பதை வீட்டு விதிகளில் முன்பே எழுதிவிடுங்கள். ஏர்பிஎன்பியில் சேதக் கோரிக்கைக்கு செக்-அவுட்டிலிருந்து 14 நாள்தான் அவகாசம். அறைக்கு அறை, தேதியுடன் எடுத்த செக்-இன் படங்கள் அப்போது தேவைப்படும்.

சந்தேகமான விசாரிப்புக்கும் 24 மணி நேரத்துக்குள் பதில் போடுங்கள், மௌனமாக இருந்தால் பதில் விகிதம் குறையும். "புக்கிங்கும் பணமும் தளத்தின் வழியாக மட்டுமே" என்ற ஒரு வரி போதும். முன்-அனுமதிப் பொத்தானை மட்டும் தொடாதீர்கள், அதை அழுத்திவிட்டால் உங்களை மறுபடி கேட்காமலேயே அவர் புக் செய்ய முடியும். அந்த ஒரு வரிக்குப் பிறகும் வாட்ஸ்அப் கேட்டால், அந்த மெசேஜை வைத்தே தளத்தில் புகார் செய்துவிட்டு பிளாக் செய்யுங்கள்.