பிரைம் 95: உங்கள் லெப்டொப்பும் முதன்மை எண் தேடலாம்

கணிதப் பிரிவில் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இந்த இலவச மென்பொருளைத்தான். பெரிய முதன்மை எண்களைப் பலர் சேர்ந்து தேடுவதற்காக 1996 இல் ஜோர்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கிம்ப்ஸ் திட்டத்துக்காக இது மெர்சென் எண்களைச் சோதிக்கிறது, அதாவது 2 இன் ஏதாவதொரு வலுவிலிருந்து 1 ஐக் கழித்தால் வருகிற எண்கள். அப்படி வருகிற எண் முதன்மை எண்ணாக இருக்க, வலு முதன்மை எண்ணாக இருந்தால் மட்டும் போதாது, 2 இன் 11 ஆம் வலுவில் 1 குறைத்தால் 2047, அது 23 தர 89.

சோதிக்கும் முறைதான் அருமை. 31 ஐ எடுங்கள், அது 2 இன் 5 ஆம் வலுவில் 1 குறைவு. 4 இல் தொடங்கி வர்க்கித்து 2 ஐக் கழித்தால் 14, மறுபடி 194, அதை 31 ஆல் வகுத்த மீதி 8, அதை வர்க்கித்து 2 கழித்தால் 62, 31 ஆல் வகுத்த மீதி பூச்சியம், இந்தச் சோதனையில் கடைசியில் பூச்சியம் வந்தால் தேறியதாக அர்த்தம், ஆகவே 31 முதன்மை எண். 2024 இல் லூக் டுரான்ட் கண்டுபிடித்த, 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணையும் கடைசியில் இதே முறையால்தான் உறுதிசெய்தார்கள். அவர் பயன்படுத்தியது பலம்கூடிய கிராபிக்ஸ் அட்டைகள், சரி, ஆனால் நம்மிடம் உள்ள சாதாரண கணினிக்கும் இதில் வேலை இருக்கிறது.

கரண்ட் போனாலும் பயமில்லை, இடையிடையே சேமித்துக்கொள்கிறது. ஒரே குறை சூடு. மட்டக்களப்பு வெயிலுக்குப் பகலில் ஓடவிடாதீர்கள், இரவில் மேசையில் வைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டு ஓடவிடுங்கள், பழைய லெப்டொப் என்றால் வேண்டவே வேண்டாம்.