கிளிக் செய்தால் சுற்றுகிறது, திறக்கவில்லை

பெரம்பூரில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஆறு மெஷின். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு அப்டேட் நின்றபோது புது மெஷின் வாங்கக் கையில் பணமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேம் மட்டும் வாங்கிப் போட்டு, எல்லாவற்றையும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்துக்கு மாற்றினேன். இன்று ஐந்தில் லினக்ஸ் மின்ட், ஒன்றில் டெபியன், இரண்டுமே லினக்ஸ் வகைகள். பிரவுசர்களில் பயர்ஃபாக்ஸ்தான் முக்கியம், துணைக்கு குரோமியம்.

இத்தனை வருடத்தில் வைரஸ் என்று ஒரு நாளும் ஷட்டரை இறக்கியதில்லை. ஆனால் பிரவுசர் திறக்காமல் திணறிய நாட்கள் உண்டு. பிரவுசிங் சென்டரில் பிரவுசர் திறக்கவில்லை என்றால் டீக்கடையில் பால் திரிந்த கதைதான்.

ஒரு கவுன்சலிங் கடைசி நாள். சாயங்காலம் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் சான்றிதழ் கவரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைப் பையன் ஓடி வந்தான். "அக்கா, கிளிக் பண்ணா சுத்துது, அப்புறம் ஒண்ணுமே வரல. ரெண்டு தடவை எடுத்துட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பாத்துட்டேன்கா." அந்த அப்பா என் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு முடிஞ்சிடுமாம்மா?" என்றார். அவர்களைப் பக்கத்து மெஷினுக்கு மாற்றி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் இதன் முன்னால் உட்கார்ந்தேன்.

பையன் செய்ததைத்தான் நானும் முதல் இரண்டு வருடம் செய்துகொண்டிருந்தேன். எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவது. லினக்ஸில் அதனால் பெரும்பாலும் பலன் இல்லை. புரோகிராம் ஒரு இடத்தில் இருக்கிறது. நம் புக்மார்க், பாஸ்வேர்டு, செட்டிங் எல்லாம் ஹோம் ஃபோல்டருக்குள், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டரில் இருக்கின்றன. அதைத்தான் ப்ரொஃபைல் என்பார்கள். புரோகிராமை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஃபோல்டரை யாரும் தொடுவதில்லை. கோளாறு அங்கே இருந்தால் அப்படியே இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தால் பீரோவின் பூட்டு சரியாகுமா?

ஐகானை விட்டுவிட்டு கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து, பிரவுசர் பெயரை சிறிய ஆங்கில எழுத்தில் தட்டி எண்டர் அடிக்க வேண்டும். ஐகான் வாயைத் திறக்காது, டெர்மினல் பெரும்பாலும் எதையாவது சொல்லும். அன்றைக்கு வந்த செய்தி, பயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் தரவில்லை என்பது. ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், மதியம் யாரோ மூடிவிட்டுப் போன பயர்ஃபாக்ஸ் ஜன்னல் இல்லாமல் பின்னால் உயிரோடு நிற்கிறது. அதன் எண்ணைப் பார்த்து கில் கட்டளை கொடுத்தேன். அடுத்த கிளிக்கில் திறந்தது. எடுத்ததுமே கில்லோடு மைனஸ் 9 சேர்க்காதீர்கள், அது புரோகிராமைப் பட்டென்று வெட்டிவிடும். வெறும் கில் கொடுத்தால் பிரவுசர் தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டு மூட வாய்ப்பு கிடைக்கும்.

என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தது வேறு. என் சொந்த மெஷினில் ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. பயத்தில் ஹோம் ஃபோல்டர் முழுவதையும், ரூட் எனும் நிர்வாகியின் அதிகாரத்தைத் தரும் சூடோ கட்டளை போட்டுப் புது டிஸ்க்குக்கு காப்பி செய்தேன். பயர்ஃபாக்ஸைத் திறந்தால், உங்கள் ப்ரொஃபைலை ஏற்ற முடியவில்லை, அது காணாமல் போயிருக்கலாம் அல்லது அணுக முடியாமல் இருக்கலாம் என்கிறது. ஏழு வருட புக்மார்க் அதற்குள். கை நடுங்கியது. ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் இருக்கிறது! பைல்களை விவரத்தோடு பட்டியல் போட்டபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வரியிலும் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட், ரூட், ரூட். சூடோவால் காப்பி செய்ததால் எல்லா பைலும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன. உரிமையாளரை மாற்றும் சோன் கட்டளையை அந்த ஃபோல்டர் முழுவதற்கும் என் பெயரில் கொடுத்தேன். ஒரு வரிதான். எல்லாம் திரும்ப வந்தது. (என்னுடையது மட்டும்தான் அதில் சேமிப்பில் இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கு எப்போதும் பிரைவேட் விண்டோதான் திறந்து கொடுப்போம்.)

அன்று பதற்றத்தில் அந்த ஃபோல்டரை அழித்திருந்தால் எல்லாம் போயிருக்கும். அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்று கூசாமல் சொல்லித்தருகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். சந்தேகம் இருந்தால் பெயரை மாற்றி வையுங்கள், போதும். அதைவிட நல்ல வழி, பயர்ஃபாக்ஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு மைனஸும் பெரிய எழுத்து பி-யும் சேர்ப்பது. ப்ரொஃபைல் மேனேஜர் வரும். புது ப்ரொஃபைலில் திறந்தால் புரோகிராமில் குறையில்லை, பழைய ப்ரொஃபைலில்தான் என்று தெரிந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கரண்ட் போய், யூபிஎஸ் தீர்ந்து, மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தபடியே அணைந்தன. கரண்ட் வந்த பிறகு மெஷின்களை இடம் மாற்றி வைத்தேன், கையோடு அவற்றின் பெயர்களையும் மாற்றினேன். இரண்டில் குரோமியம் திறக்கவில்லை. இந்த ப்ரொஃபைல் வேறொரு கம்ப்யூட்டரில் பயன்பாட்டில் இருக்கிறது என்று செய்தி. வேறு கம்ப்யூட்டரா? குரோமியத்தின் ஃபோல்டரில் சிங்கிள்டன் லாக் என்று ஒரு லிங்க் இருக்கும். பார்த்தால் அது மெஷினின் பழைய பெயரையும் ஒரு எண்ணையும் காட்டிக்கொண்டு நின்றது. கரண்ட் போனபோது எடுக்கப்படாமல் கிடந்த பூட்டு அது. புதுப் பெயரோடு ஒத்துப்போகாததால் வேறு யாரோ என்று நினைத்துவிட்டது. பின்னால் குரோமியம் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த லிங்க்கை மட்டும் நீக்கினேன், சரியாயிற்று.

டிஸ்க் நிரம்பினாலும் பிரவுசர் அடம்பிடிக்கும், இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில், 22.04-லும் அதற்குப் பின்னும் பயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொட்டல வடிவில் வருகிறது, ப்ரொஃபைல் ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கும். பழைய இடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது என் கவலை டெபியன் ஓடும் அந்த ஆறாவது மெஷின்தான். பழைய 32 பிட் ரகம். குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. பயர்ஃபாக்ஸும் 145-ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது, நீண்ட நாள் அப்டேட் தரும் பதிப்பான இ.எஸ்.ஆர். 140 மட்டும்தான் மிச்சம். டெபியன் 13-ல் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே இல்லை என்பதால் 12-லேயே விட்டிருக்கிறேன். பையன் அதில்தான் வேலை கற்றுக்கொண்டான். பிரிண்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறான்.