கல்லடியில் மீன்பாட்டு கேட்க வள்ளம் ஏறுபவர்களுக்கு

மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து இரவில் எழும் ஒலியைத்தான் மீன்பாட்டு என்கிறார்கள். அதைக் கேட்கக் கல்லடிப் பாலத்தடியில் இரவு வள்ளச் சவாரி போய்விட்டு “ஒண்டும் கேக்கேல்ல” என்று திரும்புகிறவர்கள் பலர். பெரும்பாலும் குறை வாவியில் இல்லை, சவாரி நடத்தும் முறையில்தான். நிலவு, பாலம், நாலு படம் என்று ஒரு சுற்றுக் காட்டிவிட்டுக் கரைக்குக் கொண்டுவரும் வள்ளத்தில் பாட்டுக் கேட்க வழியே இல்லை. நிறுத்தி, அடக்கி, காத்திருக்க வைக்கும் தோணிக்காரர் கிடைத்தால் மட்டக்களப்பில் இதற்கு ஈடான இரவு வேறில்லை.

தண்ணீருக்குள் எழும் ஒலியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேற்பரப்பைத் தாண்டிக் காற்றுக்கு வரும். மீதி அப்படியே திரும்பிவிடும். அதனால் வள்ளத்து விளிம்பில் சாய்ந்து காது கொடுப்பது வீண். மரத் துடுப்புத்தான் கருவி. அலகை ஒரு மீற்றர் ஆழத்துக்கு இறக்கி, வள்ளத்தின் பக்கத்தில் முட்டாமல் பிடித்து, கைப்பிடி நுனியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்த வேண்டும். மற்றக் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். துடுப்பு வள்ளத்தில் உரசினால் அந்த உரசல்தான் கேட்கும். பிளாஸ்டிக் துடுப்பை நம்பி ஏற வேண்டாம்.

முதலில் கேட்பது பாட்டல்ல, எண்ணெயில் பொரிவது போன்ற சடசடப்பு. அது சொடுக்கு இறால்களின் வேலை. அதைத் தாண்டிக் காது பழக இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். பிறகு அடியிலிருந்து ஒரு நீண்ட ஹும் எழும், அதற்கு மேலே மெல்லிய கீச்சொலிகள் தனித்தனியாக ஏறும். அழகுதான், ஆனால் முதுகு சில்லிடும் அழகு. பக்கத்தில் இருப்பவர் பேசாமல் போவதே அதற்குச் சாட்சி. 1848 செப்டெம்பரில் இங்கு வந்த பிரித்தானிய ஆட்சியின் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்டும் வள்ளத்தில் போய்த்தான் கேட்டார். மரப்பலகையில் காதை வைத்ததும் ஒலி பெருகியதை அவர் அன்றே பதிந்திருக்கிறார். பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையா என்ற வாதம் அன்றிலிருந்தே நடக்கிறது.

இடம் முக்கியம். ஒலி வள்ளத்தோடு நகர்ந்து வராது. ஓரிடத்தில் பலமாகவும் கொஞ்சம் தள்ளினால் ஒன்றுமில்லாமலும் இருக்கும். பாலத்துக்குப் பக்கத்துப் பாறைத் தரையை அறிந்த மீனவரைப் பிடியுங்கள். அங்கு போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் முழுதாக நிற்க வேண்டும். ‘மெதுவாக ஓடட்டும்’ என்பது போதாது. 2013இல் திறந்த புதிய பாலத்தில் லொறி போனால் அந்த அதிர்வு தூண் வழியே நேரே தண்ணீருக்குள் இறங்கும். ஆகவே வாகனம் குறைந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் புறப்படுவதே சரி. முன்னிரவில் ஏற்றிக்கொண்டு போகும் சவாரிகள் இதில்தான் கோட்டை விடுகின்றன.

பருவம் சித்திரை முதல் புரட்டாதி வரை, பூரணையை ஒட்டிய இரவுகள். கச்சான் காற்று அடங்காத இரவு என்றால் தள்ளிப்போடுங்கள், சிற்றலை அடிமரத்தில் தட்டும் சத்தமே எல்லாவற்றையும் மூடிவிடும். கண்ணாடியிழை வள்ளத்தில் அந்தத் தட்டல் இன்னும் மோசம். சித்திரையில் மாலை மின்னல் தெரிந்தால் வாவிக்குள் இறங்கவே கூடாது. மாரியில் வெள்ளம் கலங்கி முகத்துவாரத்துப் பக்கம் இழுக்கும், அப்போது கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கைபேசியில் பதியலாம் என்று எண்ண வேண்டாம், காற்றிலுள்ள ஒலிவாங்கிக்கு இது எட்டாது. நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கி இருந்தால் கேபிளில் சிறு ஈயக்குண்டு கட்டி, வள்ளத்தில் உரசாதபடி தூக்கிப் பிடியுங்கள்.

காசு பேசும்போதே நாலு விசயம் கேட்டுவிடுங்கள்: மரத் துடுப்பு இருக்கிறதா, எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் நிற்பாரா, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி உண்டா, ஒரு வள்ளத்தில் எத்தனை பேர். நான்கு பேருக்கு மேல் என்றால் யாராவது பேசுவார்கள், அசைவார்கள். அரை மணிக்குத் தயங்குகிற தோணிக்காரரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கேளுங்கள்.