சந்தைக்கு இழுக்கும் பையா, தள்ளும் பையா?

முடக்குவாதம் விரல்களையும் மணிக்கட்டுகளையும் பற்றிய பிறகு, வாரம் ஒருமுறை மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய்வருவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் தொடங்கப்பட்ட அங்கே காலையிலேயே போனால்தான் கீரை வாடாமல் கிடைக்கும். இந்நோயில் காலை நேர விறைப்போ பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். விரல்கள் சரியாக மடங்காத அந்த நேரத்தில் எதில் சுமை கொண்டுவருவது என்று பார்த்துத்தான் சக்கரப் பை வாங்கினேன்.

துணிப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கிலோ வரை தோளில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அதன் மெல்லிய பிடி விரல் மூட்டுகளை இழுத்து வலியைக் கூட்டும்.

நான்கு சக்கரப் பை தானாகவே நிமிர்ந்து நிற்பதால் பாரம் முழுவதும் தரையில் இறங்கிவிடுகிறது, கை வழிகாட்டினால் போதும். உறவினர் ஒருவரிடம் வாங்கி இரண்டு வாரம் பயன்படுத்தியபோது, வழவழப்பான தரையில் அதற்கு இணையில்லை என்றே தோன்றியது. ஆனால் எங்கள் தெருவில் அதன் சிறு சக்கரங்கள் ஒவ்வொரு கல்லிலும் சிக்கின. சட்டென்று நிற்கும் பையின் அதிர்ச்சியை மணிக்கட்டுதான் வாங்கிக்கொண்டது. வாசற்படியில் இரு கைகளாலும் தூக்கவும் வேண்டியிருந்தது.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது பெரிய சக்கரங்கள் கொண்ட இரு சக்கரப் பை. சாய்த்து இழுக்கும்போது பாரத்தில் ஒரு பங்கு கைக்கு வருவது இதன் குறை என்பது உண்மைதான்; ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்பது பையை அடுக்கும் விதத்தைப் பொறுத்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி ஆகியவற்றை அடியில் அச்சுக்கு அருகிலும் கீரையையும் தக்காளியையும் மேலேயும் வைத்து, பையை அதிகம் சாய்க்காமல் இழுத்தால் கைக்கு வரும் சுமை வெகுவாகக் குறைகிறது. படியில் ஏறுவதற்குத் திரும்பி நின்று ஒவ்வொரு படியாக இழுத்தால் போதும், முழுவதுமாகத் தூக்க வேண்டியதில்லை. மெல்லிய கம்பிப் பிடியை இறுக்கிப் பிடிப்பது விரல்களுக்குக் கடினமாக இருந்ததால், பழைய துண்டைச் சுற்றிக் கட்டிப் பருமனாக்கினேன். எனக்குக் கிடைத்த நிம்மதியில் பாதிக்கு மேல் அந்தத் துண்டால்தான் வந்தது. தெருவுக்குத் தெரு கை மாற்றிக்கொள்வதும் நல்லது.

சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் மண்ணும் சுற்றிக்கொண்டால் பை கனத்துவிடும். மாதம் ஒருமுறை அதைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறேன்.

எனக்கு முழங்கால் இன்னும் நன்றாகவே இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தால் நடையே சிரமமாகிவிட்டவர்களுக்கு நான்கு சக்கரப் பை ஏற்றதாக இருக்கலாம். அதை அனுபவத்தால் உறுதிப்படுத்த என்னால் இயலாது. எந்தப் பையையும் ஊன்றுகோலாக நம்பிச் சாய வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். அரிசியையும் எண்ணெயையும் தெருமுனை மளிகைக்கடையில் சொல்லி வீட்டுக்கே வரவழைத்துக்கொள்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் வெறும் பையை இழுத்துப் பார்த்து முடிவு செய்யாமல், ஐந்து கிலோ அளவுக்கு ஏதேனும் உள்ளே வைக்கச் சொல்லி, கடையின் வாசற்படியில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.